இழுத்துக்கொள்ளும் கால்

காவலாளி கதவைத் தட்டியபோது லிஃப்ட் மெக்கானிக் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே திறந்தான். காவலாளியின் கையில் ஒரு அட்டைப்பெட்டி. எப்போதோ யார் வீட்டுக்கோ மின்விசிறி வந்த பெட்டி.

"உங்க மேனேஜர்தான் சார். கீழ கார் நிறுத்துற இடத்துல கிடந்துச்சு. எந்த வண்டின்னு நான் பார்க்கல."

பெட்டிக்குள் பூனை மார்பை நிமிர்த்திப் படுத்திருந்தது. கண்கள் தெளிவாக இருந்தன. அவனைப் பார்த்ததும் வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. முன்பாதிப் பூனைக்கு ஒரு குறையும் இல்லை. இடுப்புக்குக் கீழே மட்டும் யாரோ துணியைப் பிழிந்து போட்டதுபோல் கிடந்தது.

மேனேஜர் என்று பெயர் வைத்தது மச்சினன். மனைவியின் தம்பி, எதிர் வீட்டில் குடியிருக்கிறவன், சரக்கு வேன் ஓட்டுகிறான். குட்டியாக வந்த புதிதிலேயே அந்தப் பூனை, யார் என்ன வேலை செய்தாலும் எதிரே போய் உட்கார்ந்துகொள்ளும். துணி மடித்தால் பார்க்கும். குழாயைக் கழற்றினால் பார்க்கும். ஒரு துரும்பை நகர்த்தாது. "எங்க கம்பெனி மேனேஜர் அச்சு அசல் இப்படித்தான் மாமா," என்றான் மச்சினன். பெயர் ஒட்டிக்கொண்டது.

மனைவி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பெட்டியை எட்டிப் பார்த்தாள்.

"காலையில ஏதாவது சாப்பிட்டுச்சா?" என்றாள்.

கேட்க வேண்டியது அதுவல்ல என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். முதுகின் நடுவில் ஒரு எலும்பு மற்றொன்றை விட்டு விலகி ஒரு படி கீழே இறங்கியிருந்தது. மருத்துவர் அதைச் சுட்டிக்காட்டவில்லை. தேவைப்படவில்லை. அவர்கள் இருவரும் ஏற்கெனவே அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மருத்துவர் நாற்பது வயதைத் தாண்டிய பெண். குரலை உயர்த்தாதவர். பூனையின் முதுகில் ரோமத்தை மழித்துவிட்டு, வாலருகிலிருந்து மேல்நோக்கித் தோலை மெல்லக் கிள்ளிக்கொண்டே வந்தார். தோல் பேசாமல் இருந்தது. ஓரிடம் தாண்டியதும் சட்டென்று சிலிர்த்தது. அங்கே பேனாவால் ஒரு கோடு போட்டார்.

"இது வரைக்கும் அதுக்குத் தெரியுது. இதுக்குக் கீழ தெரியல."

பின்காலின் விரலைக் கிள்ளினார். கால் அசையவில்லை.

"ஆபரேஷன்?" என்றான் மெக்கானிக்.

"எலும்பை நேரா வெச்சுக் கட்டலாம். உள்ள போற தண்டுவடம் நசுங்கியிருக்கு சார். அதை யாராலயும் ஒட்டவைக்க முடியாது. தானா வந்தாத்தான் உண்டு."

"வருமா?"

"வலி தெரியணும். இந்தக் கால்ல வலி தெரிய ஆரம்பிச்சா நடக்க வாய்ப்பு இருக்கு. தெரியவே இல்லைன்னா..." நிறுத்தினார். "அடுத்த வாரம் கடைசியில கூட்டிட்டு வாங்க. பார்த்துட்டு முடிவு பண்ணலாம்."

என்ன முடிவு என்று அவன் கேட்கவில்லை. மனைவியும் கேட்கவில்லை. மேசைமேல் மேனேஜர், மருத்துவரின் கழுத்தில் தொங்கிய அட்டை ஆடுவதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

வலி தெரிய வேண்டும் என்பதை அவன் மனதில் குறித்துக்கொண்டான். அது எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. கிள்ளினால் தெரிந்துவிடாதா.

கிளம்புமுன் மருத்துவர் இருவருக்கும் ஒரு வேலை கற்றுக்கொடுத்தார். பூனை இனித் தானாக மூத்திரம் பெய்யாது. பை நிறைவது அதற்குத் தெரியாது. வயிற்றின் அடியில் விரல்களை வைத்து, சிறிய ஆரஞ்சுப்பழம் போல் தட்டுப்படுவதைப் பிடித்து, நசுக்காமல், விடாமல் அழுத்த வேண்டும். காலை, மதியம், மாலை, படுக்கப்போகும் முன். விட்டால் பை வீங்கும், சிறுநீரகம் கெடும்.

மெக்கானிக்குக் கைவரவில்லை. அவன் விரல்கள் இரும்புக்குப் பழகியவை. அழுத்தினால் நசுங்கிவிடுமோ என்று பயந்து மேலாகத் தடவினான். மனைவி ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். நாள் முழுக்க ஈரத் துணியைக் கையால் எடைபோட்டுப் பார்ப்பவள். முதல் தடவையிலேயே பிடித்துவிட்டாள்.

"ரொம்ப நல்லா பண்றீங்க," என்றார் மருத்துவர்.

"வேலையில ஒருத்தரும் இப்படிச் சொன்னதில்ல," என்றாள் மனைவி.

வீட்டில் வரவேற்பறையின் மூலையில் ஒரு பழக்கூடையை வைத்து, பழைய போர்வையை மடித்துப் போட்டார்கள். மேனேஜரை அதிகம் அசையவிடக்கூடாது. மேனேஜருக்கு அது தெரியாது. முதல் நாளே முன்கால்களால் கூடையின் விளிம்பைப் பிடித்துத் தன்னை இழுத்து வெளியே போட்டுக்கொண்டது. பின்பாதி ஒரு பையைப்போல் கூடவே வந்தது. கொஞ்ச தூரம் போய், திரும்பி அந்தப் பையைப் பார்த்தது. முகர்ந்தது. பிறகு நக்கிச் சுத்தம் செய்யத் தொடங்கியது.

மச்சினன் வேலை முடித்து வந்து கூடையருகே சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

"என்ன சார், மெடிக்கல் லீவா? நாங்க எல்லாம் காய்ச்சல்னு சொன்னாலே நம்பமாட்டீங்க."

மேனேஜர் அவன் சட்டைப் பொத்தானைத் தட்டியது.

"அக்கா, நல்லாத்தானே இருக்கு. இதுக்கு என்ன?"

"பின்னாடி பாரு," என்றாள் அக்கா.

பார்த்தான். அதற்குப் பிறகு அன்று நகைச்சுவை எதுவும் செய்யவில்லை.

மறுநாள் மத்தியானம் மெக்கானிக் வீட்டுக்கு வந்து, வயிற்றை அழுத்தும் முன் பின்காலின் விரலைக் கிள்ளிப் பார்த்தான். கால் அசைந்தது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான ஓர் அசைவு. தன் கைதான் ஆடியிருக்கும் என்று நினைத்தான். மறுபடி கிள்ளினான். கால் முழங்காலில் மடங்கி, அவன் விரலிலிருந்து தன்னை இழுத்துக்கொண்டது.

மனைவிக்குப் போன் செய்தான். பின்னால் இயந்திரங்கள் ஓடும் சத்தம் கேட்டது.

"இழுக்குது," என்றான்.

"என்ன?"

"காலை. கிள்ளினா இழுக்குது. வலி தெரியுது."

இயந்திரச் சத்தம் தள்ளிப் போனது. பிறகு அவள், "இன்னொரு தடவை பாருங்க," என்றாள்.

"பார்த்துட்டேன். நாலு தடவை பார்த்துட்டேன்."

"பாவம், ரொம்பக் கிள்ளாதீங்க," என்றாள். குரலில் சிரிப்பு இருந்தது. பூனை அடிபட்ட பிறகு அவன் அதை முதல்முறையாகக் கேட்டான்.

லிஃப்ட் பழுதுபார்ப்பதில் அவனுக்கு ஒரு முறை உண்டு. எல்லாவற்றையும் கழற்றிப் போடும் வழக்கம் கிடையாது. ஏதாவது ஒரு பட்டனை அழுத்துவான். அழுத்தியதற்கு எங்கேயாவது ஒரு ரிலே, மின்சாரத்தால் இயங்கும் சின்ன சுவிட்ச், சொடுக்கினால் போதும், மீதியைத் தேடிப் பிடித்துவிடலாம். சொடுக்கவே இல்லை என்றால்தான் பெரிய வேலை. இங்கே சொடுக்கிவிட்டது.

அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் முதலில் கிள்ளல், பிறகு அழுத்தல். கால் நாளுக்கு நாள் வேகம் கூட்டியது. முதலில் வலது கால் மட்டும், பிறகு இடதும். கிள்ளுவதற்கு முன்பே, விரல் பட்டாலே இழுத்தது. வயிற்றை அழுத்தும்போது வால் நுனி துடித்தது. அவன் ஒவ்வொன்றையும் மனைவிக்குப் போனில் சொன்னான். அவளும் கேட்டுக்கொண்டாள். மச்சினன் வந்து, "நானும் ஒரு கிள்ளு கிள்ளிக்கிறேன் மாமா, எங்க மேனேஜரைக் கிள்ள முடியாது," என்று கிள்ளினான். கால் எட்டி உதைத்தது. அவன் கையை உதறிக்கொண்டு, "அம்மாடி, இது நடக்காது மாமா, ஓடும்," என்றான்.

மனைவி ஒருநாள் மட்டும் வேறு ஒன்றைச் சொன்னாள். மேனேஜர் தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவன் பின்னாலிருந்து கிள்ளிக் காட்டினான். கால் இழுத்தது.

"அது திரும்பிப் பார்க்கல," என்றாள்.

"சாப்பிடுதுல்ல."

"என்னைக் கிள்ளினா நான் சாப்பிட்டுட்டு இருக்க மாட்டேன்."

"உனக்கும் அதுக்கும் ஒண்ணா? பசி. நீ வேற சும்மா."

மேனேஜர் தின்று முடிக்கும்வரை அவள் பார்த்திருந்தாள். தட்டைக் கழுவ எடுத்துப் போனாள். அவன் இன்னொரு முறை கிள்ளினான், தனக்காக. இழுத்தது.

மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளில் மச்சினனும் வேனில் ஏற்றிக்கொண்டு கூடவே வந்தான். மூவரும் உள்ளே போனார்கள். மெக்கானிக் பூனையை மேசையில் வைத்ததும் வைக்காததுமாக, "டாக்டர், வலி வந்துடுச்சு. பாருங்க," என்று தானே கிள்ளிக் காட்டினான். கால் விருட்டென்று மடங்கியது.

மருத்துவர் தலையாட்டினார். அது சந்தோஷமான தலையாட்டல் இல்லை. "நானும் பார்க்கிறேன்," என்றார். ஒரு இடுக்கியை எடுத்து விரலின் எலும்பிலேயே பிடித்து இறுக்கினார். மச்சினன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கால் இழுத்தது, இடுக்கியோடு சேர்த்து இழுத்தது.

"காலைப் பார்க்காதீங்க," என்றார் மருத்துவர். "முகத்தைப் பாருங்க."

பார்த்தார்கள். மேனேஜர் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. வெளியே ஒரு பெண் குடையை மடக்கிக்கொண்டிருந்தாள். மேனேஜர் அதை ஆர்வமாகக் கவனித்தது. காது திரும்பவில்லை. கண்ணின் பாவை விரியவில்லை. மருத்துவர் இடுக்கியை இன்னும் இறுக்கினார். மேனேஜர் கொட்டாவி விட்டது.

பிறகு முன்காலின் விரலைச் சும்மா விரலால் கிள்ளினார். சட்டென்று திரும்பிச் சீறியது, கையைக் கடிக்க வந்தது.

"இதுதான் வலி," என்றார்.

மெக்கானிக் பின்காலைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"கிள்ளினது மேல போகாம கால் எப்படி டாக்டர் இழுக்கும்?"

"அதுக்கு மூளை வரைக்கும் போக வேண்டாம் சார். அடிபட்ட இடத்துக்குக் கீழ தண்டுவடம் நல்லாத்தான் இருக்கு. கிள்ளினது அங்க போகுது. அங்கிருந்தே காலை இழுன்னு உத்தரவு வருது. சூடு பட்டா நமக்கும் அப்படித்தான், கை முதல்ல வந்துடும், எரியுதுன்னு அப்புறம்தான் தெரியும். இதுக்கு அந்த அப்புறம் இல்ல."

"அதாவது கிளை ஆபீஸே முடிவு பண்ணிடுது," என்றான் மச்சினன். "மேனேஜருக்குத் தகவல் போறதில்ல."

மருத்துவர், "கிட்டத்தட்ட அப்படித்தான்," என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. மச்சினன் அதைச் சிரிப்பதற்காகச் சொல்லவும் இல்லை.

"ஆனா நாளுக்கு நாள் பலமா இழுக்குதே," என்றான் மெக்கானிக். "முதல் நாள் லேசா இருந்துச்சு. இப்ப பாருங்க. முன்னேற்றம் இல்லையா அது?"

"அதுதான் எனக்குக் கவலை. மேலிருந்து எப்பவும் ஒரு அடக்குற கை இருக்கும். இவ்வளவு போதும், இவ்வளவு வேண்டாம்னு. அது அறுந்துபோனா கீழ இருக்கிறது தன் இஷ்டத்துக்குத் துள்ளும். பலமா இழுக்குதுன்னா, கேட்க ஆள் இல்லைன்னு அர்த்தம்."

அவன் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டே நின்றிருந்தான். அது அவன் கைக்குள் மடங்கி விரிந்து கொண்டிருந்தது.

இப்படியே வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள் என்றார் மருத்துவர். கடைசிவரை வயிற்றை அழுத்த வேண்டும். புண் வராமல் பார்க்க வேண்டும். அல்லது ஊசி போட்டு முடித்துவிடலாம். எது சரி என்று தான் சொல்ல முடியாது என்றார். அதை அவர் நேர்மையாகத்தான் சொன்னார். அவர்களுக்குத்தான் யாராவது சொன்னால் தேவலை என்றிருந்தது.

"நாங்க பார்த்துக்கிறோம்," என்றாள் மனைவி.

வேனில் வரும்போது மெக்கானிக், "நீ அன்னிக்கே சொன்ன," என்றான்.

"நான் என்னத்தைக் கண்டேன். சாப்பிட்டுட்டு இருந்துச்சுன்னு சொன்னேன், அவ்வளவுதான்."

பார்த்துக்கொண்டார்கள். அவள் காலைப் பணிக்கு விடியும் முன் கிளம்ப வேண்டும். கிளம்பும் முன் ஒரு தடவை. அவன் மதியம் எந்தக் கட்டடத்தில் இருந்தாலும் ஸ்கூட்டரில் வந்து ஒரு தடவை. வர முடியாத நாளில் மச்சினன். மச்சினன் கையுறை போட்டுக்கொண்டு, முகத்தைக் கோணிக்கொண்டு, கண்ணை மூடிச் செய்வான். "உங்களுக்கு இதெல்லாம் செய்றேன், சம்பள உயர்வுன்னு கேட்டா மட்டும் காது கேக்காது," என்பான்.

பேனாக் கோடு அழிந்துவிட்டது. ஆனால் இடம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தலையிலிருந்து தடவிக்கொண்டு வந்தால் மேனேஜர் கண்ணை மூடிச் சுகமாகத் தொண்டைக்குள் உறுமும். கை அந்த இடத்தைத் தாண்டியதும் உறுமல் நின்றுவிடும். கண்ணைத் திறந்து, ஏன் நிறுத்திவிட்டாய் என்பதுபோல் பார்க்கும். கை அதன் மேல்தான் இருக்கும். மனைவி அதனால் முன்பாதியை மட்டுமே தடவினாள். அவன் பின்பாதியையும் தடவினான்.

"அதுக்குத் தெரியாதுங்க."

"இருக்கட்டும்."

ஒருநாள் அவன் மேனேஜரின் வயிற்றுக்கடியில் ஒரு துண்டைக் கொடுத்துத் தூக்கி, பாதங்கள் தரையில் படும்படி பிடித்தான். பின்கால்கள் மாறி மாறி அசைந்தன. இடது, வலது, இடது. நடை. தாளம் தவறாத நடை. முன்கால்கள் ஒரு பக்கம் திரும்ப முயன்றன. பின்கால்கள் தங்கள் பாட்டுக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தன. மச்சினன் வாசலில் நின்று பார்த்தான்.

"மாமா, நடக்குது," என்றான்.

"இல்ல," என்றான் மெக்கானிக். துண்டைத் தளர்த்தினான். பூனை பின்பக்கமாகச் சரிந்தது. சரிந்தபடியே கால்கள் இன்னும் இரண்டு எட்டு வைத்தன.

அந்த வாரம் ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே ஒரே ஒரு பெண். கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவர் என்றார்கள். மெக்கானிக் மேல்தளத்துக் கதவை ஒரு கை அகலம் நெம்பித் திறந்து, குனிந்து பேசினான்.

"பயப்படாதீங்கம்மா. நான் மெக்கானிக்."

"எனக்கு ஒண்ணும் பயமில்ல. கரண்ட் இருக்கே, அப்புறம் ஏன் போக மாட்டேங்குது?"

"கரண்ட் இல்லம்மா."

"இல்லைன்னா? உள்ள லைட் எரியுது. நல்லாவே எரியுது."

"அது லிஃப்ட் மேல ஒரு சின்ன பேட்டரி இருக்கு. அதுல எரியுது. லைன் அறுந்துபோனாலும் எரியும்."

"அப்ப இந்த லைட்டால என்ன பிரயோஜனம்?"

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு தைரியம், என்பதுதான் பதில். புதிதாக வேலைக்கு வரும் எல்லோருக்கும் அவன் சொல்லிக்கொடுப்பது. சொல்ல முடியவில்லை.

"ஹலோ? இருக்கீங்களா?" என்றது கீழிருந்து குரல்.

"இருக்கேன்மா," என்றான். "பிரேக்கைக் கையால விட்டு இறக்கணும். கொஞ்சம் குலுங்கும்."

அன்று மாலை வீட்டுக்கு வந்து மனைவியிடம் இதைச் சொன்னான். "அந்தக் கால் விஷயம் எனக்குத்தான் முதல்ல தோணியிருக்கணும். தினம் பார்க்கிற விஷயம்."

"லிஃப்டைப் பத்திப் பேசாதீங்க," என்றாள் அவள். மேனேஜரின் வயிற்றை அழுத்திக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கழித்து, "மூத்திரம் நிறம் மாறியிருக்கு," என்றாள். "வாடையும் வேற மாதிரி."

மருந்து வாங்கிக் கொடுத்தார்கள். சரியாயிற்று. மறுபடி வந்தது. மறுபடி மருந்து.

மேனேஜர் இதில் எதையும் கண்டுகொள்ளவில்லை. நன்றாகச் சாப்பிட்டது. மனைவி துணி மடிக்கும்போது தன்னை இழுத்துக்கொண்டு வந்து எதிரே முன்கால்களை ஊன்றி நிமிர்ந்து பார்த்தது. சன்னலில் பறவை வந்தால் பல்லைக் கடகடவென்று அடித்தது. எதிர் வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் மச்சினன்தான் என்று கண்டுபிடித்து வாசலுக்குப் போகத் தொடங்கியது. அது வாசலை அடைவதற்குள் அவன் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருப்பான். உடனே எழுந்து வெளியே போய், மறுபடி கதவைத் தட்டிக்கொண்டு வருவான். ஒருதடவை மனைவி அதைப் பார்த்துவிட்டாள்.

"என்னடா பண்ற?"

"சாவி விட்டுட்டேன்க்கா," என்றான்.

ஒருநாள் அதிகாலையில் மனைவி விளக்கைப் போட்டபோது மேனேஜர் கூடையில் விழித்திருந்தது. அவளைக் கண்டதும் தொண்டைக்குள் உறுமத் தொடங்கியது. வாயைச் சுற்றிச் சிவப்பு. போர்வையும் சிவப்பு. அவள் குனிந்து பார்த்தாள். வலது பின்காலில் இரண்டு விரல்கள் பாதிக்குமேல் இல்லை. அவள் பார்க்கும்போதே மேனேஜர் தலையைத் திருப்பி, நகத்தில் சிக்கிய எதையோ எடுப்பதுபோல், அமைதியாக, மீதியைக் கடிக்கப் போனது. உறுமல் நிற்கவில்லை.

அவள் கையை நடுவில் கொடுத்தாள். மேனேஜர் அவள் கையை நக்கியது.

கணவனை அவள் கூப்பிடவில்லை. அவன் எழுந்து வந்தபோது அவள் தரையில் உட்கார்ந்து, பூனையின் தலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் அந்தப் பாதத்தைத் துணியால் பொத்திக்கொண்டிருந்தாள். பாதம் துணிக்குள் இழுத்துக்கொண்டே இருந்தது.

மருத்துவர் கட்டுப்போட்டு, கழுத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் வளையம் மாட்டினார்.

"அது தன் கால்னு அதுக்குத் தெரியல," என்றார். "சில பூனைங்க இப்படிச் செய்யும். அந்த இடத்துல ஏதோ மாதிரி இருக்கும்னு நினைக்கிறோம். மரத்துப்போன மாதிரி, ஊர்ற மாதிரி. அதுவா வந்து சொல்லப்போறதில்லையே."

வளையத்தோடு மேனேஜரால் தட்டில் சாப்பிட முடியவில்லை. தன்னை இழுத்துப் போகவும் முடியவில்லை. விளிம்பு தரையில் இடித்தது. மனைவி கையால் ஊட்டினாள். வளையத்தைக் கழற்றி, பக்கத்திலேயே காவல் இருந்து பார்த்தார்கள். கண் அசந்த நேரம் கட்டைப் பிய்த்துவிட்டது. மறுபடி வளையம். வளையத்துக்குள் முகம் எப்போதும் போலத் தெளிவாக இருந்தது. தனக்கு ஏன் இந்தத் தண்டனை என்று மட்டும் அதற்குப் புரியவில்லை.

மூவரும் ஒருநாள் மாலை தேநீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்றாள் மனைவி.

"நீ சொல்லு," என்றான் மெக்கானிக்.

"நான் கேட்டேன்ல?"

"அதான் நீ சொல்லுன்னேன்."

தேநீர் ஆறியது. மச்சினன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நான் வேணா சொல்லட்டுமா?"

"வேண்டாம்," என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

மேனேஜர் கூடைக்குள்ளிருந்து வளையத்தைக் கூடையின் பிரம்பில் உரசிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் நெடுநேரம் கேட்டது. மச்சினன் எழுந்து போய் வளையத்துக்குள் கையை விட்டு அதன் தாடையைச் சொறிந்தான். சத்தம் நின்றது. கையை எடுத்ததும் மறுபடி தொடங்கியது. அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

மனைவி தேநீர்க் கோப்பைகளைக் கழுவ எடுத்துப் போனாள். சமையலறையிலிருந்து, தண்ணீர் சத்தத்துக்கு நடுவே, "நாளைக்கு லீவு சொல்லிட்டேன்," என்றாள்.

மெக்கானிக் போனை எடுத்துத் தானும் லீவு சொன்னான். எதற்கு என்று மேற்பார்வையாளர் கேட்டார். "வீட்ல ஒரு வேலை," என்றான்.

மருத்துவமனையில் அதே அறை. மருத்துவர் முதலில் வளையத்தைக் கழற்றினார். மேனேஜர் தலையைப் பலமாக உதறி, மார்பை நக்கிச் சரிசெய்துகொண்டது. மச்சினன் உள்ளே வரவில்லை. வேனிலேயே இருந்துகொள்கிறேன், இங்கே வண்டி நிறுத்த விடமாட்டார்கள் என்றான். வண்டிகள் நிறுத்துவதற்கு வெளியே நிறைய இடம் இருந்தது.

மனைவி மேசையின் முன்பக்கம் நின்றாள். மேனேஜருக்குப் பிடித்த மீன் விழுதைச் சுட்டுவிரலில் தடவி நீட்டினாள். மேனேஜர் இரண்டு முன்கால்களாலும் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நக்கத் தொடங்கியது.

மருத்துவர் பின்பக்கம் போனார்.

"முன்கால்ல குத்தினா வலிக்கும்," என்றார். "பின்கால்ல போடுறேன். அதுக்கு ஒண்ணும் தெரியாது."

தொடையின் உட்பக்கம் கொஞ்சம் ரோமத்தை மழித்தார். ஸ்பிரிட் தடவினார். ஊசி முனை பட்டதும் கால் விருட்டென்று மடங்கியது. ஊசி விலகிப் போயிற்று. மருத்துவர் மறுபடி நீட்டிவைத்தார். மறுபடி இழுத்தது. இரண்டாவது முறை இன்னும் வேகமாக.

மேனேஜர் திரும்பிப் பார்க்கவில்லை. விரலின் மறுபக்கத்தையும் நக்குவதற்காக மனைவியின் கையைத் திருப்பப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பிடிச்சுக்கிறீங்களா?" என்றார் மருத்துவர்.

மெக்கானிக் அருகில் வந்து காலைப் பிடித்தான். அது சூடாக இருந்தது. அவன் கைக்குள் அது மடங்க முயன்றது.

"இன்னும் கொஞ்சம் கெட்டியா."

அவன் இறுக்கினான். ஊசி உள்ளே இறங்கியது. கால் முழு பலத்தோடு இழுத்தது. யார் பிடித்தாலும் விட்டுவிடத்தான் தோன்றும். அவன் மனைவியைப் பார்த்தான். அவள் பூனையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிடுது," என்றாள்.

அவன் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.